ஜூன் ஒன்றில் பிறக்காதவர்

தாராவியில் எங்கள் சந்தில் ஜூன் ஒன்றாம் தேதி பாதிப் பேருக்குப் பிறந்தநாள். என் அப்பா, பக்கத்து வீட்டு வெங்கடேஷ் மாமா, எதிர் வரிசையில் நாலு பேர். எல்லாரையும் ஒரே நாளில் பெறுவது என்று அந்தத் தாய்மார்கள் மீட்டிங் போட்டு முடிவெடுத்தார்களா என்று சின்ன வயதில் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். விஷயம் ரொம்பச் சாதாரணம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவந்து இங்கே பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதி கேட்பார்கள். "கோயில் கொடை முடிஞ்சு எட்டாம் நாள்" என்பாள் அம்மா. எழுதுகிறவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜூன் ஒன்று என்று போட்டுவிடுவார்.

பிரம்மநாயகம் அண்ணனுக்கும் ஜூன் ஒன்றுதான். வருடம் 1986. ஆதாரில் அப்படித்தான் இருக்கிறது.

அண்ணன் எங்கள் பொருநை கிரீடா மண்டல் என்கிற விளையாட்டுக் குழுவின் கபடி ஆட்டக்காரர். கவர் இடம். ரெய்டு வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பது ஓரத்தில் நிற்கும் கார்னரின் வேலை. உள்ளே நிற்கும் கவருக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. வந்தவன் கோட்டுக்குத் திரும்பும் நேரம் பார்த்து நெஞ்சால் மோதி நிறுத்த வேண்டும். இல்லையென்றால் தோளால் இடித்து வெளியே தள்ள வேண்டும். சுவரில் போய் மோதினால் நமக்கு வலிக்கும். சுவருக்கும் வலிக்கும் என்று எனக்கு அண்ணனைப் பார்த்துத்தான் தெரியும்.

நான் அதே மண்டலில் ரெய்டர். எங்கள் அணியில் அண்ணனுக்கு அடுத்த மூத்தவனுக்கே இருபத்தாறு வயதுதான். நாங்கள் எல்லாம் மைதானத்துக்கு வந்து நாலு குதி குதித்துவிட்டு ஆட ஆரம்பிப்போம். அண்ணன் முக்கால் மணி நேரம் முன்னாலேயே வந்து தன்னை ஒவ்வோர் உறுப்பாக எழுப்புவார். முதலில் இடது முட்டி. அதற்கு இரண்டு நீகேப். பிறகு வலது தோள். வலது மோதிர விரல் எப்போதோ உடைந்து வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதை நடு விரலோடு சேர்த்து டேப் சுற்றுவார். கீழே விழுந்தால் தவணை முறையில் எழுவார். தைல வாசனை வந்தால் அண்ணன் தெருமுனை திரும்பிவிட்டார் என்று அர்த்தம். ஒருநாள் அவருடைய தைல டப்பாவில் பற்பசையை அடைத்து வைத்தேன். தேய்த்து முடித்துவிட்டு, "இன்னைக்கு முட்டி குளுகுளுன்னு இருக்குல்லா" என்று போய் நான்கு பேரைப் பிடித்தார். எனக்குத்தான் அசிங்கமாகப் போயிற்று.

வேகம் போன பிறகும் மனிதர் பத்து வருடம் ஆடினார். எப்படி என்றால், ஓடுவதை நிறுத்திவிட்டார். பிராக்டீஸில் நான் இடப்பக்கம் காட்டி வலப்பக்கம் பாய்வேன். அவர் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார், பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி. நான் நேராகப் போய் அந்த நெஞ்சில் விழுவேன். "வாலே, வா" என்று அணைத்துக்கொண்டு மெதுவாகத் தரையில் போடுவார். எதிர் அணிப் பையன்களை அவ்வளவு மெதுவாகப் போடமாட்டார்.

டிராம்பே பக்கம் ஒரு கம்பெனி டீமுக்குப் பதினோரு வருடம் ஒப்பந்தத்தில் ஆடினார். வயதைச் சொல்லி அங்கே நிறுத்தியதும் மாட்டுங்காவில் ஓர் ஆறு மாடிக் கட்டிடத்தில் லிப்ட்மேன் ஆனார். முட்டிக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது என்பார். நாள் முழுக்க உட்கார்ந்தபடியே மாடி ஏறலாம். திரும்பி வரும்போது ரயில்வே பாலத்துப் படிகளில்தான் குட்டு வெளிப்படும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நண்டு போலப் பக்கவாட்டில் இறங்குவார். நாங்கள் பின்னால் வரிசையாக அதே மாதிரி இறங்குவோம். திரும்பிப் பார்த்துச் சிரிப்பாரே தவிரத் திட்டியதில்லை.

இனி ஷாகுல் ஹமீது. தாராவியில் தோல் பை செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். பூர்வீகம் காயல்பட்டினம் பக்கம். இப்போது பெல்ட்டுக்கு மேலே ஒரு தொப்பை. ஒரு காலத்தில் இவர் எங்கள் மண்டலின் இடது கார்னர். அண்ணன் இவருக்குப் பக்கத்தில் இடது கவர். அணியில் ஆட்கள் அவுட்டாகி நாலு பேர் மிஞ்சினால் கார்னரும் கவரும் கையைக் கோத்துச் சங்கிலியாக நிற்பார்கள். அந்தச் சங்கிலியிலிருந்து தப்பித்துப் போனவர்களை இரண்டு பேருமே பெயர் சொல்லி எண்ணுவார்கள். மூன்று பெயர்தான் வரும்.

ஷாகுலின் ஊர்ப்பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கூடப்பிறந்த அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவார்கள். எங்கள் அண்ணனும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். தன்னைவிட மூன்று வயது மூத்தவர் அல்லவா. ஷாகுல் பதிலுக்கு "ஏலே பிரம்மு" என்பார். இரண்டாயிரத்து ஒன்றிலிருந்து இப்படித்தான். ஒரு தடவைகூட மாறியதில்லை.

போன ஜூலை ஆரம்பத்தில் ஷாகுல் மைதானத்துக்கு வந்தார். காட்கோபரில் ஒரு ஹாலில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கபடிப் போட்டி, ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு. பழைய ஆட்களை வைத்து டீம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லா இடத்துக்கும் ஆள் இருக்கு. இடது கவருக்கு மட்டும் இல்ல. நீ ஏம்லே இவ்வளவு லேட்டாப் பொறந்தே? ஒரு வருசம் முந்திப் பொறந்திருந்தா என்னவாம்?"

"என் கையில என்ன இருக்கு காக்கா."

"அடுத்த வருசம் உனக்கு நாப்பது ஆயிரும். அப்போ நான் இருக்க மாட்டேன். தீபாவளிக்கு முந்தி முட்டியை மாத்தணும்னு டாக்டர் சொல்லிட்டார். ஸ்டீல் முட்டியை வச்சிக்கிட்டு நாற்காலியில ஒக்காந்து தொழலாம். கபடி ஆட முடியாதுல்லா. ஒருக்கா உன்கூடக் கை கோத்துட்டுப் போய் ஆபரேஷன் டேபிள்ல படுக்கலாம்னு பாத்தேன்."

 அண்ணன் ஏற்கெனவே கட்டியிருந்த நீகேப்பை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

நான் பாதி நாள் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டுவிட்டேன். பள்ளி அதற்காக வருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை. அடுத்த வாரம் அண்ணனின் அம்மா கோமதியம்மாள் வீட்டு ஆதார் கார்டுகளை எல்லாம் நகலெடுக்கக் கொண்டுவந்தார்.

"அண்ணனுக்கு முப்பத்தொம்பது முடிஞ்சிட்டு போல பெரியம்மா" என்றேன், சும்மா பேச்சுக்கு.

"யாருக்கு, பிரம்முவுக்கா? போலே. கிரிக்கெட்டுல மொதோ கப்பு வாங்கினாங்கல்லா, லண்டன்ல? அன்னைக்கு ஊர்ல வெடி போட்டானுவ. வயித்துல இருந்தவன் ஒதறி எந்திரிச்சிட்டான். அடுத்த மாசம், ஆடி நாலு, புதன்கிழமை பெத்தேன்."

கம்ப்யூட்டரில் தேடினேன். 1983 ஜூலை 20. புதன்கிழமையேதான்.

"பின்ன எண்பத்தாறுன்னு எப்படி?"

"இங்க வரும்போது எட்டு வயசு ஆகப்போவுது. ஊர்ல பள்ளிக்கூடமே போகல. எட்டு வயசுப் பயலை ஒண்ணாங் கிளாஸ்ல சேக்க முடியாதுன்னுட்டாங்க. சரி, அஞ்சுன்னு எழுதிக்கோங்கன்னேன். ஆளும் அப்போ நறுங்கிப் போய்த்தான் இருந்தான்."

இது போதாதா எங்களுக்கு? பிளெக்ஸ் பேனர் கடையில் டிசைன் செய்கிற என் நண்பன் தௌசீப்பிடம் ஓடினேன். எங்கள் ஏரியாவில் பிறந்தநாள் பேனர் இல்லாத மூலை கிடையாது. மிஞ்சிப்போன பிளெக்ஸில் அண்ணனுக்கு ஒன்று அடித்தோம். கோட்டு, கூலிங் கிளாஸ், கழுத்தில் கை மொத்தத்துக்குச் சங்கிலி, பக்கத்தில் ஒரு சிங்கம். எனக்கும் தௌசீப்புக்கும் தமிழ் எழுத்து தகராறு என்பதால் வாழ்த்தைச் சின்னதாகப் போட்டு, எல்லா மொழிக்காரனுக்கும் புரிகிற மாதிரி 42 என்பதை ஆள் உயரத்துக்குப் போட்டோம். ஜூலை இருபது காலையில் தெருமுனையில் கட்டினோம். 'உங்க வயசு எங்களுக்குத் தெரியும்லா' என்று ஒரு விளையாட்டு. அவ்வளவுதான் நினைத்தோம்.

அண்ணன் வேலைக்குக் கிளம்பி வந்தவர் பேனருக்குக் கீழே நின்றார். நாங்கள் கை தட்டினோம். அவர் சிரிக்கவில்லை.

"இறக்குலே."

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்ணே."

"இறக்குலேன்னு சொல்லுதேன்லா."

அண்ணன் ஒன்றை இரண்டு தடவை சொல்லி நான் கேட்டதில்லை. வெங்கடேஷ் மாமாவின் ஏணியை வாங்கிவந்து ஏறினேன். ஒரு பக்கத்து முடிச்சை அவிழ்த்ததும் பேனர் சரிந்து தொங்கியது. அந்த நேரம் பார்த்து ஷாகுல் ஸ்கூட்டரில் தோல் சுருளைக் கட்டிக்கொண்டு வந்தார். தலையைச் சாய்த்துப் படித்தார். வண்டியை நிறுத்தினார்.

"நாப்பத்திரெண்டா? இந்தப் பயலுவ வேலையா?"

சரி என்று சொல்லியிருக்கலாம். பயல்கள் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருந்தால் ஏணியில் நின்றபடியே நானும் ஆமாம் என்றிருப்பேன். அண்ணன் சொன்னார்:

"இல்ல காக்கா. உள்ளதுதான். எண்பத்தி மூணு ஜூலை."

ஷாகுல் விரலை மடக்கி எண்ணினார். ஒரு கையே அவருக்குப் போதுமாக இருந்தது.

"நான் எண்பத்தி மூணு நவம்பர்."

"தெரியும்."

"அப்போ டிரையலுக்குப் போன அன்னைக்கு..."

"சர்ட்டிபிகேட்ல பதினேழுதான் காக்கா."

"நான் சர்ட்டிபிகேட்டையா கேட்டேன்?" ஷாகுல் குரலை உயர்த்தவில்லை. "காக்கா, காக்கான்னு கூப்பிடுதியே, அதைத்தான் கேக்கேன். யாருக்கு யாருலே காக்கா?"

ஸ்கூட்டரை உதைத்தார். மூன்று உதைக்கும் கிளம்பவில்லை. மற்ற நாளாக இருந்தால் நாங்கள் கத்தியிருப்போம். நாலாவதில் கிளம்பிப் போய்விட்டார்.

கோமதியம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. பேனரை மடிக்கப் போனபோது வந்து வாங்கிக்கொண்டார். மழைக்கு அவர் வீட்டுக் கூரை ஒழுகியது. "மூஞ்சி மேல பாக்கணும், பூ மாதிரி விரி. மழை அவன் மூஞ்சியில விழட்டும், என் அடுப்புல விழ வேண்டாம்" என்றார். நானே கூரையில் ஏறி விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தேன். அது மட்டும்தான் அன்றைக்கு நான் செய்த உருப்படியான வேலை.

அன்று மாலை மைதானத்துச் சுவரில் அண்ணன் தனியாகச் சாய்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியாததால், "ஐஸ் வாங்கிட்டு வரட்டா அண்ணே, முட்டிக்கு?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அவராகவே பேச ஆரம்பித்தார்.

2003 டிசம்பர். தாணேயில் ஜூனியர் தேர்வு. இருபது வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும். மண்டலிலிருந்து இவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறினார்கள். இருவரையும் ஜோடியாக எடுத்துவிடுவார்கள் என்று ஏரியாவே பேசிக்கொண்டிருந்தது. மேசையில் சான்றிதழைப் பார்த்தார்கள். ஷாகுல் பிறந்தது இங்கேயே ஆஸ்பத்திரியில்; தேதி, நேரம் எல்லாம் சுத்தமாக அச்சில் இருந்தது. இருபது தாண்டி ஒரு மாதம். ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். பின்னால் நின்ற அண்ணனின் காகிதத்தில் ஜூன் ஒன்று, எண்பத்தாறு. உள்ளே போகச் சொன்னார்கள்.

"காக்கா அழல. தன் கால்ல இருந்த ஷூவைக் கழத்தி எனக்குக் குடுத்தாரு. என்னுது கிழிஞ்சிருந்துச்சு. 'நீயாவது போ தம்பி, உனக்கு வயசு இருக்கு'ன்னாரு. அந்த ஷூவைப் போட்டுக்கிட்டுத்தான் ஸ்டேட் டீம்ல சேந்தேன். அதை வச்சுத்தான் கம்பெனி. அவரு வெறுங்கால்ல பஸ் ஏறிப் போய் மறுநாள் மாமா பட்டறையில ஒக்காந்தவருதான்." அண்ணன் டேப் சுற்றிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு வாயைத் தொறந்திருந்தா என்ன ஆயிருக்கும்? ரெண்டு பேரும் ஒரே பஸ்ல திரும்பி வந்திருப்போம். அவ்வளவுதானே."

மூன்று வருடம். கம்பெனியில் முப்பத்தாறு வயதில் ஆடியவரை முப்பத்து மூன்று என்று வைத்திருந்தார்கள். முட்டி மட்டும் சரியான கணக்கை வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. படியில் அவர் பின்னால் நண்டு போல நான் இறங்கியது ஞாபகம் வந்து எழுந்து போய்விட்டேன்.

பேனரை மண்டல் மேனேஜர் சாய்நாத்தும் பார்த்திருந்தார். மராட்டிக்காரர், ஆனால் தாராவியிலேயே வளர்ந்து எங்களைவிடத் தெளிவாகத் தமிழில் திட்டுவார். அவர் அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டார். "பேனர்ல ஆயிரம் போடுவானுங்க. என் பார்ம்ல முப்பத்தொம்பது இருக்கு. நீ வாயை மூடிட்டு இரு, கணபதி விழாவுக்கு அப்புறம் டோர்னமென்ட்ல எறங்கு. ஆனா நாப்பத்திரெண்டுன்னு காகிதம் என் கைக்கு வந்தா உன்னை டீம்ல வைக்க மாட்டேன். பொய் வயசு ஏன் எழுதினேன்னு கமிட்டியில கேப்பாங்க."

அதாவது, வாயை மூடினால் எங்களோடு இன்னும் ஒரு சீசன். திறந்தால் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஷாகுல் சேர்த்துக்கொண்டால்.

அண்ணன் ஊரில் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டார். பன்னிரண்டு நாளில் கூரியரில் பிறப்புப் பதிவு வந்தது. பெயர் இல்லை, 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது, கீழே அப்பா அம்மா பெயர், தேதி 20-7-1983. என் கடைக்குக் கொண்டுவந்து, "மூணு காப்பி எடு" என்றார்.

"ஒண்ணு சாய்நாத்துக்கு, ஒண்ணு காக்காவுக்கு. மூணாவது யாருக்குண்ணே?"

"எனக்குத்தான். நானே இன்னும் சரியா நம்பலைலா."

சாய்நாத் வாங்கிப் படித்துவிட்டு, "பாகல்" என்றார். பைத்தியக்காரன். பிறகு பழைய ஐந்தாம் நம்பர் பனியனை நீயே வைத்துக்கொள் என்றார். இருபத்து நாலு வருட ஆட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. அண்ணன் பனியனை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக ஷாகுலின் பட்டறைக்கு நடந்தார். என்னை வா என்று கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பின்னாலேயே போனேன்.

ஷாகுல் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் காகிதத்தை மேசையில் வைத்தார். ஷாகுல் கத்தியைக் கீழே வைக்காமலே படித்தார்.

"இத எதுக்குலே எங்கிட்டக் கொண்டாந்தே?"

"நாப்பதுக்கு மேலன்னா காகிதம் வேணும்லா."

"டீம் முடிஞ்சிட்டு. கவருக்கு ஆள் போட்டாச்சு."

"சரி காக்கா." வாசல் வரைக்கும் வந்த அண்ணன் திரும்பினார். "ஷூவுக்காகவாவது அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

ஷாகுல் குனிந்து வெட்ட ஆரம்பித்துவிட்டார். நான் கடைசியாக எட்டிப் பார்த்தபோது, காகிதம் காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஓர் இரும்புக் கட்டையைத் தூக்கி வைத்தார். அதை அண்ணனிடம் சொல்லவில்லை. தப்பாகப் புரிந்து ஆசை காட்டிவிடக் கூடாதே.

சனிக்கிழமை மாலை பட்டறைப் பையன் வந்து, "நாளைக்கு ஒன்பது மணிக்கு காட்கோபர் வரணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ஹாலில் மேட் விரித்திருந்தார்கள். வெளியே நல்ல மழை. இரண்டு பக்கமும் பதினாலு தொப்பைகள். நடுவருக்கே அறுபது இருக்கும். ஷாகுல் இடது கார்னரில் நின்றார். அண்ணனை இடது கவருக்குக் கை காட்டினார். பேச்சு கிடையாது. முதல் பாதி முழுக்க இரண்டு பேரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த தெரியாதவர்கள் மாதிரி ஆடினார்கள். ஷாகுல் காலைப் பிடித்தால் அண்ணன் வந்து சேர அரை நொடி தாமதம். அண்ணன் மோதினால் ஷாகுல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். எட்டு புள்ளி பின்னால் போய்விட்டோம். வெளியே நானும் தௌசீப்பும் கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்.

இரண்டாம் பாதியில் ஒவ்வொருவராக அவுட்டாகி எங்கள் பக்கம் நாலு பேர் நின்றார்கள். வலது ஜோடி உடனே கை கோத்துவிட்டது. இடது பக்கம் அண்ணன் இடது கையை லேசாகப் பின்னால் விட்டபடி நின்றார், இருபது வயதில் நின்ற மாதிரியே. ஷாகுல் அந்தக் கையைப் பார்க்காமல் எதிரே பார்த்தார். எதிர் அணியின் ரெய்டர் தாணேக்காரர், ஒல்லி, அங்கே இருந்தவர்களில் அவருக்கு மட்டும்தான் இன்னும் இடுப்பு என்று ஒன்று இருந்தது. கபடி, கபடி என்று கோட்டைத் தாண்டினார்.

ஷாகுல் கையை நீட்டினார்.

"காக்கா," என்றார் எங்கள் அண்ணனைப் பார்த்து. "கை."

அண்ணன் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். ஆட்டத்தில் அவர் ரெய்டரை விட்டு வேறு எதையும் பார்த்து நான் கண்டதே இல்லை. பிறகு பிடித்துக்கொண்டார். கோணல் விரல் இருக்கிற கை இல்லை, நல்ல கை. தாணேக்காரர் இடப்பக்கம் காட்டி வலப்பக்கம் பாய்ந்தார். அங்கே அண்ணன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். பின்னாலிருந்து ஷாகுல் வளைந்து வந்து சங்கிலியை மூடினார். மூன்று பேரும் மொத்தமாக மேட் மேல் விழுந்த சத்தத்தில் நடுவர் விசிலை ஊதவே மறந்துவிட்டார்.

மேட்சில் ஐந்து புள்ளியில் தோற்றோம். அந்த நேரம் அது யாருக்கும் நினைவில்லை. தாணேக்காரர் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். இவர்கள் இரண்டு பேரும் கோத்த கையோடு மல்லாக்கக் கிடந்தார்கள்.

"எந்திரிங்க காக்கா" என்றார் ஷாகுல். இருபத்து நாலு வருடத்தில் முதல் மரியாதை.

"நீங்க மொதல்ல எந்திரிங்க காக்கா. நீங்க எந்திரிச்சாத்தான் என் கை வரும்."

"என்னால முடியாதுலே. முட்டி பூட்டிக்கிட்டு."

"அப்போ கெடப்போம்."

நானும் தௌசீப்பும் உள்ளே ஓடி ஆளுக்கு ஒருவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம். பிடித்த கையை இரண்டு பேரும் விடவில்லை. அதனால் சங்கிலியோடுதான் தூக்க வேண்டியிருந்தது, தவணை முறையில்.